ஒரே லப்டொப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். கெம்பஸில் முதலாம் வருடம், வீடு கொட்டாஞ்சேனையில். புது லப்டொப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். விண்டோஸும் அதில் உள்ள சாமானும் அழியாமல் பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட வேண்டும். ஒரு கடையில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள், கொடுப்பதா, நீங்களே செய்வதா?

நீங்களே செய்யுங்கள். கடைக்காரர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு இயங்குதளம் குடியிருக்கும் கணினியில் எது எங்கே இருக்கிறது என்று அதைப் பாவிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் மெனு காணாமல் போனால், பரீட்சைக்கு முதல் நாள் இரவு கடை திறந்திருக்காது.

வெள்ளவத்தையில் கணினி திருத்தும் வேலையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இரட்டை இயங்குதளம் போடப்போய்க் கெட்டுப்போய் என்னிடம் வந்த கணினிகளில் உபுண்டுவின் நிறுவல் கட்டத்தில் கெட்டவை மிகக் குறைவு. நிறுவல் அரை மணித்தியால வேலை. அதற்கு முன் விண்டோஸுக்குள் இருந்தபடியே செய்யவேண்டிய நான்கைந்து அலுவலைச் செய்யாமல் விட்டதுதான் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வினையானது. அதனால் என் பதிலில் பாதிக்கு மேல் பென் டிரைவைத் தொடுவதற்கு முந்திய கதைதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு உண்மையில் இது தேவையா? சி மொழியில் புரொகிராம் எழுதவும் லினக்ஸ் கட்டளைகளைப் பழகவும் மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டளையில் உபுண்டு வந்துவிடும், டிஸ்க்கைப் பிரிக்கத் தேவையில்லை. பல பாடங்களுக்கு அது தாராளமாகப் போதும். கணினிக்குள் இன்னொரு கணினிபோல உபுண்டுவை ஓட்டும் வேர்ச்சுவல் பொக்ஸை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 8 ஜிபி ராமை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் இருவரும் பட்டினி. ஆனால் இயங்குதளம் எப்படி எழும்புகிறது, வன்பொருளை இயக்கும் டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கப்போகிறீர்கள் என்றால், அல்லது லினக்ஸிலேயே அன்றாடம் வாழ்ந்து பார்க்க ஆசை என்றால், இரண்டையும் நேரடியாக டிஸ்க்கில் வைப்பதுதான் சரி. முழு ராமும் முழு வேகமும் அப்போது ஒருவருக்கே கிடைக்கும்.

சரி, போடுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முந்தியது டிஸ்க்கின் பூட்டுக்கான திறப்பு, அதாவது சாவி. இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

போன வருடம் ஒரு பையன் லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். மச்சான்காரன் யாரோ பயோஸுக்குள் (லப்டொப் எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு) போய், நம்பகமான பூட்லோடரை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட்டை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார், நிற்பாட்டியிருக்கிறான். திரும்பப் போட்டதும் நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர், மீட்புத் திறப்பைத் தா என்கிறது. 48 இலக்கம். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், போய்ப் பார்ப்போம் என்றேன். அவனுடைய கணக்கில் அந்த லப்டொப்பே இல்லை. வடிவாக விசாரித்தால், வாங்கிய கடையிலேயே விண்டோஸை முதன்முதலில் திறந்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகக் கடையில் ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல் எது என்று கடையில் யாருக்கும் ஞாபகமில்லை. நல்லகாலம், செக்யூர் பூட்டைப் பழையபடி போட்டதும் விண்டோஸ் எழும்பியது. டிஸ்க்கையும் பிரித்த பிறகு இது நடந்திருந்தால் அவனுடைய இரண்டு வருடப் படிப்பு அந்த 48 இலக்கத்துக்குப் பின்னால் பூட்டியே கிடந்திருக்கும். பிட்லொக்கரை உடைக்க என்னிடம் வழி இல்லை, யாரிடமும் போய் அலையவும் வேண்டாம்.

இது ஏன் இப்போது அதிகம் நடக்கிறது என்றால், விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்டு, மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனதும், 'டிவைஸ் என்கிரிப்சன்' என்ற பெயரில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டத் தொடங்கும். 2024 இன் கடைசியில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பல வகை லப்டொப்புகளில் நடக்கிறது. ஹோம் பதிப்புக்கும் விலக்கில்லை. நல்ல ஏற்பாடுதான், பஸ்ஸில் லப்டொப் களவு போனால் கள்ளன் உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டின் இரகசியத்தை லப்டொப்பில் உள்ள டிபிஎம் என்ற சில்லு காத்துக்கொண்டிருக்கிறது. செக்யூர் பூட் மாறினால், வேறொரு பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்) இடையில் புகுந்தால், 'வீட்டுக்காரர் மாறிவிட்டாரோ' என்று அது சந்தேகப்பட்டுத் திறக்க மறுக்கும். அப்போதுதான் 48 இலக்கத்தைக் கேட்கும்.

ஆகவே இன்றைக்கே செட்டிங்ஸுக்குள் போய், பிரைவசி அன்ட் செக்யூரிட்டியில் டிவைஸ் என்கிரிப்சன் என்ற பகுதி இருக்கிறதா, போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைஸ் பட்டியலுக்குள் மீட்புத் திறப்பு இருக்கும். அதைக் கையால் கடதாசியில் எழுதுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். அதே லப்டொப்பில் சேமித்து வைப்பது, அலுமாரித் திறப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான். எழுதி முடித்த பிறகு, என் ஆலோசனை, நிறுவல் முடியும்வரை அந்த என்கிரிப்சனை நிற்பாட்டி விடுங்கள். டிஸ்க்கை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், சார்ஜரைச் செருகிவிட்டுச் சாப்பிட்டு வரலாம். எல்லாம் சரியானபின் விரும்பினால் மறுபடி போடலாம். அப்படிப் போட்டால், உபுண்டுவின் மெனு வழியாக விண்டோஸுக்குப் போகும்போது அது திறப்பைக் கேட்கக்கூடும். லப்டொப்பின் சொந்த பூட் மெனுவிலிருந்து விண்டோஸைத் தெரிவு செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, உங்கள் சாமானின் பிரதி. டிஸ்க்கைப் பிரிப்பது பழகிய கைக்கும் ஆபத்து இல்லாத வேலை அல்ல. படங்கள், பாட ஒப்படைகள், கணக்கு விபரங்கள் எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒன்று, முடிந்தால் இணையத்தில் ஒன்று. இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை. செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. அடுத்த முறை கெதியாக எழும்புவதற்காக, தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும்புகிறது. விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸ் வந்து அதே சி டிரைவில் கைவைத்தால் இரண்டு பேரின் கணக்கும் முட்டிக்கொள்ளும், கோப்புகள் கெடும். லினக்ஸ் இதைக் கண்டுகொண்டால் அந்தப் பகுதியை எழுத முடியாதபடி வாசிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். 'உபுண்டுவில் இருந்து என் கோப்பைத் திருத்த முடியவில்லை' என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம். கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்சன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று தெரிவு செய்யும் இடத்தில் இதை எடுத்துவிடலாம்.

நான்காவது, இடம் பிரிப்பது. விண்டோஸின் பகுதியை விண்டோஸே சுருக்கட்டும். உபுண்டுவின் நிறுவியும் சுருக்கித் தரும்தான். ஆனால் தன் வீட்டுச் சாமானை எங்கே அடுக்கியிருக்கிறோம் என்று வீட்டுக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மனேஜ்மென்டைத் திறவுங்கள். கீழ்ப்பாதியில் உங்கள் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். 512 என்று வாங்கியது 476 ஜிபி என்று காட்டும். களவு போகவில்லை. விற்பவர் ஆயிரங்களால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024 களால் எண்ணுகிறது. இடப்பக்கம் சின்னதாக, பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு பகுதி, அதில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிசன் என்று எழுதியிருக்கும். நடுவில் பெரிய சி டிரைவ். வலப்பக்கம் சில நூறு எம்பியில் மீட்புப் பகுதி. இதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் 16 எம்பியில் இன்னொன்றும் உண்டு, விட்டுவிடுங்கள்.

அந்த 100 எம்பிதான் முழுக் கதைக்கும் திறவுகோல். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டோடு அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விடுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். முன் கேற் ஒன்றுதான். உள்ளே வந்தபின் வீட்டுக்காரருக்கு ஒரு வாசல், அனெக்ஸ்காரருக்கு ஒரு வாசல். சமையலறை தனித்தனி. அந்த இஎஃப்ஐ பகுதிதான் கேற். விண்டோஸின் பூட்லோடர் ஒரு ஃபோல்டரிலும் உபுண்டுவின் பூட்லோடர் இன்னொரு ஃபோல்டரிலும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று மிதிக்காது. லப்டொப்பின் யூஇஎஃப்ஐ, அதாவது நாம் பழக்கத்தில் பயோஸ் என்று சொல்வது, எந்த வாசலை முதலில் தட்டுவது என்ற ஒழுங்கை மட்டும் தன் நினைவில் வைத்திருக்கும். இது விளங்கிவிட்டால் இனி வரும் பயங்களில் பாதி போய்விடும்.

சி டிரைவில் வலது கிளிக் செய்து, ஷ்ரிங்க் வொலியூம். எவ்வளவு சுருக்குவது என்று எம்பியில் கேட்கும். 102400 என்று போட்டால் சரியாக 100 ஜிபி. உபுண்டுவுக்கு 25 ஜிபி இருந்தாலே நிறுவலாம், ஆனால் படிப்புக்குப் பாவிக்கும்போது அது கெதியில் நிரம்பிவிடும். உங்கள் டிஸ்க்குக்கு 100 நல்ல அளவு. சுருக்கி முடித்ததும் கறுப்புத் தலைப்பட்டையோடு 'அனலொகேட்டட்' என்று ஒரு வெற்றிடம் தெரியும். அதை அப்படியே விடுங்கள். புது வொலியூம் ஒன்றும் உருவாக்க வேண்டாம்.

சில வேளை சி டிரைவில் 300 ஜிபி வெறுமையாக இருந்தும், 'வெறும் 9 ஜிபிதான் சுருக்க முடியும்' என்று விண்டோஸ் பிடிவாதம் பிடிக்கும். நகர்த்த முடியாத ஒரு கோப்பு நடுவில் குந்தியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஹைபர்நேட் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள் இந்த மூன்றில் ஒன்று. மூன்றையும் தற்காலிகமாக நிற்பாட்டி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கி, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இதற்காக இணையத்தில் கிடைக்கும் இலவச பார்ட்டிசன் மென்பொருள்களைத் தேடிப் போகவேண்டாம்.

சுருக்கும்போது கரண்ட் போகக்கூடாது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு இலங்கையும் ஒரேயடியாக இருண்டதையும் பார்த்தவர்கள் நாங்கள். லப்டொப் என்பதால் பெட்டரி நிறைந்திருந்தால் போதும். வீட்டில் டெஸ்க்டொப்பில் செய்பவர் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது.

இவ்வளவும் முடிந்தபின்தான் பென் டிரைவ். உபுண்டுவின் 24.04 பதிப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி. லினக்ஸ் மின்ட் அதில் பாதியளவு. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் இன்னும் இலகு, உள்ளே இருப்பதும் உபுண்டுதான். விரிவுரையாளர் உபுண்டு என்று சொல்லியிருப்பதால் அதையே எடுங்கள், வகுப்பில் எல்லோர் திரையும் ஒன்றாக இருப்பது உதவும். இரவு நேர டேட்டா இருந்தால் அப்போது இறக்குங்கள். எங்கள் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு உபுண்டுவின் பிரதி வழங்கி ஒன்றை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது, வெளிநாட்டு வழங்கியை விட அது கெதியாக வரும். இறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை, தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பால் நிறுவல் 80 வீதத்தில் நிற்கும்போது காரணம் தெரியாமல் மண்டையை உடைப்பதைவிட இரண்டு நிமிடம் செலவழிப்பது மேல். பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளால் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழியும்.

இங்கே ஒரு விஷயம்: எப்போதும் ஆகப் புதிய ஐஎஸ்ஓவை, அதாவது பென் டிரைவில் எழுதும் அந்த நிறுவல் கோப்பை, இறக்குங்கள், மேசை லாச்சியில் கிடக்கும் பழையது வேண்டாம். 2024 ஓகஸ்ட் 13 இல் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய, பாதுகாப்புக் குறைபாடுள்ள லினக்ஸ் பூட்லோடர்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி தடை செய்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் அந்தத் தடையைப் போடமாட்டோம் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருந்தது, ஆனால் பல கணினிகளில் அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டது. அந்தக் கிழமை உபுண்டு எழும்பாமல் 'செக்யூரிட்டி பொலிசி வயலேசன்' என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துபோகும் லப்டொப்புகள் என் மேசையில் வரிசையாக இருந்தன. யாருடைய கோப்பும் அழியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிற்பாட்டி, உபுண்டுவுக்குள் போய், மொக்யூட்டில் என்ற கருவியால் அந்தத் தடைக் கொள்கையை நீக்கி, உபுண்டுவை அப்டேட் செய்து, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட எல்லாம் சரி. விண்டோஸ் பக்கத்தில் முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் செக்யூர் பூட்டை நிரந்தரமாக நிற்பாட்டிவிடலாமே' என்று கேட்பீர்கள். வேண்டாம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகிய லினக்ஸ்கள் எல்லாம் அது போட்டிருக்கும்போதே ஒழுங்காக எழும்பும். நிற்பாட்டு என்று சொல்லும் காணொளிகளில் பாதி பத்து வருடத்துக்கு முந்திய பழக்கத்தில் சொல்பவை. உங்கள் லப்டொப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் இருந்தால் மட்டும் ஒன்று கவனியுங்கள். அதன் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலப் பின்னணியில் 'மொக் மனேஜ்மென்ட்' என்று ஒரு திரை வந்து பத்து வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மொக் தெரிவு செய்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

பென் டிரைவிலிருந்து எழும்ப, ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து 'யூஸ் எ டிவைஸ்' தெரிவு செய்யலாம். இல்லையென்றால் கணினி எழும்பும்போது எச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, ஏசுஸ் லப்டொப்பில் எஸ்கேப்.

எழும்பியதும் உடனே நிறுவாதீர்கள். நிறுவாமலே பாவித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் ஒரு கால் மணித்தியாலம் இருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா. வைஃபை மட்டும் பிடிக்கவில்லை என்றால் பின்வாங்க வேண்டியதில்லை. போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டால் உடனே இணையம் வரும், டிரைவரை அதன் வழியாக எடுக்கலாம்.

நிறுவும்போது நீங்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய திரை ஒன்றே ஒன்று. எப்படி நிறுவுவது என்று கேட்கும் திரை. 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்ற தெரிவும் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற தெரிவும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். இரண்டாவதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். நான் எப்போதும் கையால் பிரிக்கும் மனுவல் வழியில்தான் போவேன், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த 100 ஜிபி வெற்றிடத்தைத் தெரிவு செய்து, லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வகையில், மவுன்ட் பொயின்ட் ஒற்றைச் சாய்கோடு என்று போடுங்கள். ராம் நிரம்பும்போது கைகொடுக்கும் ஸ்வொப்புக்குத் தனிப் பகுதி தேவையில்லை, உபுண்டு தானே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குத் தனிப் பகுதி என்று சிலர் சொல்வார்கள். 100 ஜிபிக்குள் அது வீண் நெருக்கடி. பிறகு அந்த இஎஃப்ஐ பகுதி. அதை பூட் இஎஃப்ஐயாகப் பாவிக்கச் சொல்ல வேண்டும், ஃபோர்மட் என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்கவே கூடாது. ஃபோர்மட் செய்தால் விண்டோஸின் வாசலை நீங்களே இடித்துவிடுகிறீர்கள். கடைசியாக நிறுவு என்பதை அழுத்தும்முன், என்னென்ன மாற்றப்போகிறேன் என்று ஒரு சுருக்கம் காட்டும். சி டிரைவின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால் பின்னால் வாருங்கள்.

உபுண்டுவுக்கு இஎஃப்ஐ பகுதியில் சில எம்பி போதும், கேர்னல் என்ற அதன் உட்கரு உபுண்டுவின் சொந்தப் பகுதியில் இருக்கும். எல்லா லினக்ஸும் அப்படி இல்லை. பொப் ஓஎஸ் போன்றவை கேர்னலையும் அதற்குள்ளேயே வைப்பதால் 100 எம்பி காணாது. முதல் முறை செய்பவருக்கு உபுண்டு, மின்ட் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவியில் உங்கள் டிஸ்க்கே தெரியவில்லையா? இன்டெல் லப்டொப் சிலவற்றில் ஸ்டோரேஜ் கொன்ட்ரோலர் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் இருக்கும், ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டிவரலாம். சும்மா மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கொன்ஃபிக் திறந்து சேஃப் பூட்டைத் தெரிவு செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து நேரே பயோஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பித் தனக்கு வேண்டிய டிரைவரைத் தேடிக்கொள்ளும், பிறகு சேஃப் பூட் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் நான்கு இலக்க 'பின்' நம்பர் சில வேளை வேலை செய்யாது, முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும்.

நிறுவி முடிந்து எழும்பும்போது கிரப் என்ற உபுண்டுவின் பூட்லோடர் மெனு வரும், உபுண்டுவும் விண்டோஸ் பூட் மனேஜரும் அதில் இருக்கும். விண்டோஸ் இல்லையென்றால் அழிந்துவிட்டது என்று நினைத்து அழவேண்டாம். கிரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் வேலையை இயல்பாகவே நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற வரியை ஃபோல்ஸ் என்று மாற்றி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் வந்துவிடும். மறுபக்கம், ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப்பையே காணாமல், நேரே விண்டோஸ் எழும்பினால், 'விண்டோஸ் உபுண்டுவை அழித்துவிட்டது' என்று ஒருவர் சொல்வார். பழைய எம்பிஆர் காலத்தில் அது உண்மை, டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒருவர்தான் இருக்கலாம். இன்று கேற்றுக்குள் இரண்டு வாசலும் அப்படியேதான் இருக்கின்றன, தட்டும் ஒழுங்கு மட்டும் மாறியிருக்கிறது. பயோஸுக்குள் போய் பூட் ஒழுங்கில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள், ஒரு நிமிட வேலை.

அடுத்து எல்லோரும் கேட்பது: விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறது. தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். நாங்கள் கிரீன்விச்சுக்கு 5:30 முன்னால் இருப்பதால் அந்த வித்தியாசம். 1996 இல் இலங்கையின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலமும் பிறகு குறைத்து அரை மணித்தியாலமுமாக மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து வருடமும், பழைய நேரத்திலேயே இருந்த வன்னியிலிருந்து யாராவது வந்தால் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டுத்தான் எதையும் முடிவு செய்வோம். இங்கேயும் அதே கதைதான், இருவரும் ஒரே நேரத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதை 1 ஆக்கினால் முடிந்தது. விண்டோஸை கிரீன்விச்சுக்குப் பழக்கும் ரெஜிஸ்ட்ரி வழியும் உண்டு, முதல் முறை செய்பவருக்கு அது வேண்டாம்.

தமிழில் தட்டச்சுச் செய்ய, ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள். தமிழ்99 உம், எங்கள் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் அதில் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வேர்ட் கோப்புகள் இருந்தால் அவற்றை விண்டோஸிலேயே திறந்து வேலை செய்யுங்கள். உபுண்டுவில் உள்ள லிப்ரே ஒஃபிஸில் பாமினியைப் போட்டாலும் பக்க அமைப்பு நகர்ந்துவிடும். இரண்டிலும் பாவிக்கும் பாடக் கோப்புகளை விண்டோஸின் பகுதியில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டிவைஸ் என்கிரிப்சனைத் திரும்பப் போடாதவரை உபுண்டு அதை நேரே வாசிக்கும், எழுதும். உபுண்டுவின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் தானாக வாசிக்காது. 'ஃபோர்மட் செய்யவா' என்று அது எப்போதாவது கேட்டால் வேண்டாம் என்று மட்டும் அழுத்துங்கள்.

படிப்பு முடிந்து உபுண்டு வேண்டாம் என்று ஒருநாள் நினைத்தால், அதன் பகுதியை முதலில் அழிக்காதீர்கள். பயோஸில் விண்டோஸ் பூட் மனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேரே எழும்புகிறது என்று பார்த்துவிட்டு, பிறகுதான் டிஸ்க் மனேஜ்மென்டில் அழிக்க வேண்டும். ஒழுங்கு மாறினால் கறுப்புத் திரையில் கிரப் என்ற ஒரு சொல்லோடு நிற்பீர்கள். அதுவும் பூட் மெனுவால் தாண்டக்கூடியதுதான், ஆனால் தெரியாதவரை நெஞ்சு பதறும்.

இந்தச் சனி ஞாயிறில் தொடங்குவதென்றால், இன்றைக்கே திறப்பை எழுதி வைத்துவிட்டு, டிஸ்க் மனேஜ்மென்ட் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சி டிரைவைச் சுருக்கும் முன் அந்தப் பட்டையில் என்னென்ன பகுதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.